கல்யாணத்துக்குப் போகாத ஜட்ஜம்மா

"ஒனக்கு எதுக்குடி அந்தக் கதை? அந்தம்மா உசுரோட இருந்தப்ப அவுக வீட்டு வாசப்படிய மிதிச்சிருக்கியா நீ? ஒங்க சங்கத்துல ஒருத்தராச்சும் மிதிச்சிருக்காகளா? செத்த பொறவு மலரு போடுறாகளாம், மலரு."

ரேவதியை இப்படித்தான் வைதேன். ரேவதி எங்கள் தெருப் பிள்ளை. கறுப்புக் கோட்டு மாட்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. நான் பேர் கூப்பிட்டே தொண்டை தேய்ந்த அதே கோர்ட்டில்தான் வக்கீலாக இருக்கிறாள். கோர்ட்டுக்குப் புதுக் கட்டடம் திறக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு மலர். அதில் எங்கள் கோர்ட்டுக்கு வந்த முதல் பெண் நீதிபதியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். பிறந்த ஊர், படித்த காலேஜ், போட்டோ எல்லாம் கிடைத்துவிட்டதாம்.

"ஆனா அவங்க எப்படிப்பட்டவங்கன்னு சொல்ல ஒரு ஆளும் கெடைக்கல அப்பத்தா" என்றாள்.

"கெடைக்காது. அவுக அப்படித்தான் இருந்தாக."

அவள் சிரித்துக்கொண்டே, அதுவரை கையில் பிடித்திருந்த போனை என் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் வைததுகூட அதில் பதிவாகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றாள். நல்லது, அதையும் போட்டுவிடு என்றேன். நான் எட்டாவது வரை படித்தவள். அந்த எட்டு வருடத்தில் பாதியை ஆடுகளோடு கழித்தேன். அதனால் நான் பேசுகிறேன், அவள் அதைப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். நடுவில் பொய் ஏதாவது தென்பட்டால் அவளைக் கேளுங்கள்.

புதுக் கட்டடத்தில் பேர் கூப்பிட ஆள் வேண்டாமாம். சுவரில் டி.வி. மாட்டி அதில் கேஸ் நம்பர் ஓடுமாம். நம்பர் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். வக்கீல் பார்த்துச் சொல்வார் என்றாள். வக்கீல் வராத நாளில் என்று கேட்டேன். அதற்கு அவள் போனை இன்னும் கிட்டே நகர்த்தினாள். என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

என் வீட்டுக்காரர் அந்தக் கோர்ட்டில் டவாலி. தோளில் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் மாட்டிக்கொண்டு ஜட்ஜுக்கு முன்னால் நடப்பவர். வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுபவர். அவர் நெஞ்சுவலியில் போன பிறகு, கருணை அடிப்படையில் அவர் வேலையும் பட்டையும் எனக்கு வந்தன. பட்டை ஆம்பளைத் தோளுக்குத் தைத்தது. எனக்கு முழங்காலில் இடித்தது. ஒரு பெண்பிள்ளை முன்னால் நடக்க, பின்னால் வர அப்போதிருந்த ஜட்ஜுகளுக்குக் கூச்சம். அதனால் பட்டையை மாட்டிவிட்டு, தண்ணீர் தூக்க வைத்தார்கள். வக்கீல்களுக்கு டீ, கிளார்க்குகளுக்கு வெற்றிலை, மரத்தடியில் கூட்டுவது. சில வருடங்கள் அப்படியே போயின. பயிற்சி என்று ஏதாவது இருந்தால் அதுதான்.

பிறகு அந்த அம்மா வந்தார்கள்.

சென்னைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெட்டி, ஒரு ரேடியோ, புத்தகம் அடைத்த நாலைந்து சாக்கு. அவ்வளவுதான் லாரியில் இறங்கியது. முதல் நாள் காலையில் சேம்பருக்குள் குடத்தோடு போன என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"டவாலி யாரு?"

"நாந்தாங்க."

"அப்ப குடத்தை வச்சுட்டு முன்னால நடங்க."

நடந்தேன். கோர்ட்டு மொத்தமும் எழுந்து நின்றது. எனக்காக எழுந்த மாதிரியே கொஞ்சம் மெதுவாக நடந்தேன். சீனியர் வக்கீல் ஒருவர் வாயைத் திறந்து "அய்யா" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, வேறு சொல் கிடைக்காமல் மறுபடியும் "அய்யா" என்றார். ஒரு மாதம் வரை அந்த அம்மா அய்யாவாகத்தான் இருந்தார்கள். கூண்டில் ஏறிய சனங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர்கள் "ஆத்தா" என்றார்கள், "தாயி" என்றார்கள். ஒரு கிழவர் "மகளே" என்று கும்பிட்டார்.

அவர்கள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் ஒரு மைப் பேனா இருக்கும். யாராவது தேவைக்கு மேல் பேசினால் பேனாவை மூடுவார்கள். டக் என்று ஒரு சின்னச் சத்தம். கேட்டதும் பேசுகிறவர் வாயும் மூடிக்கொள்ளும். கோர்ட்டு நேரத்தில் என்னை "வாங்க, போங்க" என்பார்கள். அதற்கு முன்னால் என்னை அப்படிக் கூப்பிட்டது பஸ் கண்டக்டர் மட்டும்தான்.

பேர் கூப்பிட்ட முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு கட்சிக்காரருக்கு என் வீட்டுக்காரர் பேர். அவர் இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, நான் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கம் யார் சொல்வார்கள்? வாசலில் போய் நின்று, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, எனக்கே கேட்காத மாதிரி இரண்டு முறை சொன்னேன். பெஞ்ச் கிளார்க் உள்ளேயிருந்து கத்தினார். அம்மா என்னைக் கூப்பிட்டு, என்ன என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. பெஞ்ச் கிளார்க் சொன்னார். வக்கீல்கள் சிரித்தார்கள். டக் என்று சத்தம் வந்தது.

"அப்படி ஒரு வழக்கமா?" என்று மெல்லக் கேட்டார்கள். "அந்தப் பேரு உள்ள வேற ஆளை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"வேற பேரு வச்சுக்குவோங்க."

அவர்கள் அதை யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்கள்: "மூணாவது தடவை மட்டும் சத்தமாச் சொல்லிடுங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார்."

சொன்னேன். கோவித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

கோர்ட்டுக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். சாயங்காலம் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் மதிலுக்கு மேலே கை நீட்டி ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தாள். அம்மா அதை வாங்காமல், அவள் வீட்டுக்காரர் பேரை என்னிடம் கேட்டார்கள். அவர் மேல் வரப்புத் தகராறு ஒன்று எங்கள் கோர்ட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. முருங்கைக்காயை நான்தான் திருப்பிக் கொண்டு கொடுத்தேன். "காய்க்குமா கேசு போட்டாக?" என்று அவள் என்னைக் கேட்டாள். அதற்குப் பிறகு மதிலுக்கு மேலே எந்தக் கையும் வரவில்லை. முகமும் வரவில்லை.

கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் வந்தன. ஜட்ஜம்மாவுக்குப் பத்திரிகை வைப்பது ஊருக்கு ஒரு மரியாதை. எல்லாவற்றையும் வாங்கி, மஞ்சள் தடவிய முனையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, மேசையில் அடுக்குவார்கள். ஒன்றுக்கும் போக மாட்டார்கள். இன்றைக்குப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நாளைக்குக் கூண்டில் நின்றால் என்ன செய்வது என்பார்கள்.

ஒரு திங்கள்கிழமை நான் கேஸ் கட்டை இறக்கி வைக்கும்போது என் தலையில் காய்ந்த மல்லிகை ஒன்று ஒட்டியிருந்தது.

"எங்க போயிருந்தே?" என்றார்கள். சாயங்காலமானால் நான் 'நீ' ஆகிவிடுவேன். எனக்கு அதுதான் பிடிக்கும்.

"திருமயத்துல ஒரு கண்ணாலங்க."

"உக்காரு. சொல்லு."

இப்படித்தான் தொடங்கியது. அவர்கள் நாற்காலியில், நான் படியில். குறுக்கு விசாரணை மாதிரிக் கேட்பார்கள். பந்தியில் முதலில் என்ன வைத்தார்கள்? அப்பளம் நொறுங்கியிருந்ததா? பெண் மாப்பிள்ளையைப் பார்த்ததா, தரையைப் பார்த்ததா? மாமன்மார்களில் யார் முறைத்துக்கொண்டு போனது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை இன்னும் நன்றாகச் சொன்னேன். ஒரு மாப்பிள்ளைக்குத் தாலி முடிச்சு வரவில்லை என்று பெண்ணே கையைப் பிடித்து முடிந்துவிட்டதாகச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு சட்டம். கோர்ட்டில் கேஸ் உள்ள யாருடைய பேச்சும் வரக்கூடாது. வந்தால் ஒரு விரலைத் தூக்குவார்கள். நான் அந்த ஆளைத் தாண்டிக் குதித்து மேலே சொல்ல வேண்டும். தாலுகா ஊரில் கேஸ் இல்லாதவன் யார்? என் கல்யாணங்களெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டன. அன்னவாசல் பக்கம் நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மேலேயே வாய்க்கால் கேஸ். மாப்பிள்ளையை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லி முடித்தேன்.

இனிமேல்தான் பூவாயி வருகிறாள்.

அவள் கேஸ் வந்த அன்று அவள் பூவாயி என்று எனக்குத் தெரியாது. கேஸ் பட்டியல் ஒட்டிய போர்டில் இருந்த பேர் சுப்பம்மாள். வளைகுடாவுக்குப் போன புருஷன் அங்கேயே இறந்துவிட்டான். பிள்ளை இல்லை. கொழுந்தன் அவளை வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்த்தான். மாமியாரையும் தன் பக்கம் நிறுத்திக்கொண்டான். தன்னை வெளியேற்றக் கூடாது என்று அவள் கேஸ் போட்டிருந்தாள். கேஸ் முடியும் வரை அவளைத் தொடக் கூடாது என்று கோர்ட்டு இடைக்காலத் தடையும் கொடுத்திருந்தது. அன்று அவளுடைய வக்கீல் வேறு கேஸுக்காகப் புதுக்கோட்டை போயிருந்தார். நான் வாசலில் நின்று "சுப்பம்மாள்" என்று மூன்று முறை, நிறுத்தி நிறுத்தி, முறைப்படி கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, நாங்கள் தயார் என்றார். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் கேஸைத் தள்ளுபடி செய்வதுதான் சட்டம். அம்மா அப்படியே எழுதினார்கள். தடையும் அதோடு போனது.

கோர்ட்டு கலையும் நேரத்தில் வேப்பமரத்தடியிலிருந்து ஒரு பொம்பளை மஞ்சப்பையோடு எழுந்து வந்தாள்.

"எங்க கேச எப்பங்க கூப்பிடுவாக? காலையிலேர்ந்து இங்கிட்டேதான் உக்காந்திருக்கேன்."

"ஒன் பேரு என்ன ஆத்தா?"

"பூவாயிங்க."

அன்றைய போர்டில் பூவாயி என்று யாரும் இல்லை. வக்கீலைப் பார்த்துக் கேட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் கொழுந்தன் அவள் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டான். அவள் அக்காள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய்த் தங்கினாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாரமே அந்த ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கிழவி, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"பூவாயிக்குப் பாவம், வீடு போச்சு. கோர்ட்டுல கூப்பிடவே இல்லங்குறா."

"பூவாயியா? எந்தப் பூவாயி?"

"சுப்பையா மருமவ. நெசப் பேரு சுப்பம்மா. மாமியா புருசன் பேரு சுப்பையா. அவ எப்படி அந்தப் பேரச் சொல்லுவா? கண்ணாலத்தன்னைக்கே பூவாயின்னு மாத்திட்டாக. இப்ப அவ பெத்தவளே வந்து சுப்பம்மான்னா கூடத் திரும்ப மாட்டா."

பாதிச் சோற்றில் இலையை மடித்தேன். மூன்று முறை கூப்பிட்டது நான். மரத்தடியில் இருந்தது அவள். யார் மேலும் தப்பில்லை. ஆனால் வீடு போய்விட்டது. யாரோ சுப்பம்மாளைக் கூப்பிடுகிறார்கள், நம்மை இனிமேல் கூப்பிடுவார்கள் என்று பொழுது சாயும் வரை உட்கார்ந்திருக்கிறாள்.

திங்கள்கிழமை சாயங்காலம் படியில் உட்கார்ந்து கல்யாணத்தைச் சொல்லத் தொடங்கினேன். பந்தலைச் சொன்னேன், மேளத்தைச் சொன்னேன், பந்திக்கு வந்தேன். "எம் பக்கத்துல ஒரு கெழவிங்க. அவுக ஊருல பூவாயின்னு ஒருத்தி, நம்ம கோர்ட்டுல போன வாரம்" என்பதற்குள் விரல் உயர்ந்தது.

"அம்மா, இது ஒண்ண மட்டும் கேட்டுருங்க."

"வேண்டாம் செல்லாயி."

"ஒரு வீடு போகுதும்மா."

"அதனாலதான் வேண்டாம்."

அவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்து, "கொஞ்ச நாளைக்குக் கல்யாணக் கதை எதுவும் சொல்லாதே" என்றார்கள். கட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கல்லில் செய்து வைத்த பொம்பளை என்று நினைத்தேன். என் கோபம் எனக்கு. ஆனால் அன்றிலிருந்து நான் கட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அவர்கள் காலியான படியைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ரேடியோவில் யாரோ விவசாயிகளுக்கு உரம் போடச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையையும் ஒரு மாட்டுக்கொட்டகைக்காரிக்காக விட்டுவிட்டார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என்னிடமிருந்து கேட்டு, அதை வைத்து எழுதினால் அது தீர்ப்பில்லை, ஊர்ப் பேச்சு. அதுவும் பின்னால்தான் விளங்கியது.

பூவாயியின் வக்கீல், தள்ளுபடியை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார். காரணம் என்ன என்று அவருடைய குமாஸ்தாவிடம் விசாரித்தேன். மஞ்சள் காமாலை என்றார். எங்கள் கோர்ட்டில் வாய்தாவுக்கு வராத எல்லோருக்கும் மஞ்சள் காமாலைதான். காய்ச்சல் என்றால் ஒரு நாள், காமாலை என்றால் எத்தனை நாள் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"ஏய்யா, அவ கல்லு மாதிரி மரத்தடியில இருந்தாளே" என்றேன்.

"பேரு தெரியாம உக்காந்திருந்தான்னு எழுதுனா எந்த ஜட்ஜு நம்புவாக? காமாலைன்னா நம்புவாக" என்றார் குமாஸ்தா.

மனு விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குதித்துக்கொண்டு எழுந்தார். காமாலையும் இல்லை, ஒன்றும் இல்லை, அன்று முழுவதும் அந்தப் பெண் இந்தக் கோர்ட்டு வளாகத்திலேயே இருந்தார், பார்த்தவர்கள் இருக்கிறார்கள், சத்தியப் பிரமாணம் செய்து பொய் சொல்லியிருக்கிறார் என்றார். பூவாயியின் வக்கீல் முகம் உண்மையிலேயே மஞ்சளாகிவிட்டது. உண்மையைச் சொல்லியே அவளை முடிக்கிறார்கள்.

அம்மா பேனாவை மூடினார்கள்.

"வளாகத்துல எங்க இருந்தாங்க?"

"வேப்பமரத்தடியிலதான். இன்னைக்கும் அங்கதான் இருக்காங்க" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், ஆர்வமாக.

"அன்னைக்கு வந்து, அங்கேயே உக்காந்து, கூப்பிடும்போது ஏன் வரலை?"

"அது எங்களுக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியலை." என் பக்கம் திரும்பினார்கள். "வாசல் திரையை முழுசா ஒதுக்குங்க. அன்னைக்கு எங்க நின்னு கூப்பிட்டீங்களோ அங்கேயே நின்னு, அதே மாதிரிக் கூப்பிடுங்க."

பூவாயியின் வக்கீல் வெளியே போக எழுந்தார். "நீங்க உக்காருங்க" என்றார்கள். அவர் உட்கார்ந்தார்.

நான் கூப்பிட்டேன். என் தொண்டையில் அன்றைக்கு இருந்த சத்தம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூன்று முறை. மேடையிலிருந்து மரம் நேராகத் தெரியும். பூவாயி மஞ்சப்பையின் காதை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை. மூன்றாவது முறை என் சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கா பறந்தது. அவள் காக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா பின் பெஞ்சைப் பார்த்தார்கள். கொழுந்தனும் மாமியாரும் அங்கே இருந்தார்கள்.

"பாட்டி, இப்படி வாங்க. உங்க மருமக பேரு என்ன?"

கிழவி எழுந்து வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அத நான் எப்படிங்க சொல்றது தாயி?"

"ஏன்?"

"அதுல அவுக பேரு வருதுங்க."

யாரோ சிரித்தார்கள். பேனா மூடித்தான் இருந்தது, அதைத் திறந்து மறுபடியும் மூடினார்கள். டக்.

"அப்ப வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பூவாயிம்பேன்."

"இப்பக் கூப்பிடுங்க."

கொழுந்தன் "ஆத்தா" என்று எழுந்தான். ஆனால் கிழவி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். என் பக்கத்தில் நின்று, பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் கேட்கிற மாதிரி, "ஏ பூவாயி" என்றாள். என் சத்தத்தில் கால்பங்குகூட இருக்காது.

மரத்தடியில் இருந்தவள் பையைப் போட்டுவிட்டு, செருப்பையும் விட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடி வந்தாள். கோர்ட்டு, ஜட்ஜு, வக்கீல் ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. மாமியார் முன்னால் வந்து நின்று, "என்னத்தே?" என்றாள்.

கிழவி அவள் சொருகிய முந்தானையை இழுத்து விட்டாள். "ஒண்ணுமில்லடி. அந்தம்மா கூப்புடுறாக" என்றாள்.

அம்மா குனிந்து எழுதத் தொடங்கினார்கள். ரொம்ப நேரம் எழுதினார்கள். கூப்பிட்ட பேர் வீட்டில் வழங்கும் பேர் இல்லை, வந்தவரை வராதவர் என்று சொல்ல முடியாது, கேஸ் மறுபடியும் எடுத்துக்கொள்ளப்படுகிறது, பழைய தடையும் நிற்கும் என்று வாசித்தார்கள். பிறகு பூவாயியின் வக்கீலைப் பார்த்து, "காமாலை உங்க கட்சிக்காரருக்கு இல்லை, உங்க மனுவுக்குத்தான். இனிமே உண்மையையும் ஒரு தடவை எழுதிப் பாருங்க" என்றார்கள்.

கொழுந்தன் அந்த வாரமே பூட்டை எடுத்துவிட்டான். கேஸ் பிறகு எத்தனையோ வாய்தா நடந்தது. வீடு அவளிடமே நின்றது. மாமியார் கடைசிக் காலத்தில் அங்கேதான் கிடந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு புது வழக்கம் வைத்தார்கள். வழக்குப் பேரோடு கூப்பிடுகிற பேரையும் சேர்த்து எழுத வேண்டும், 'இன்னார் என்கிற இன்னார்' என்று. மூன்றாவது முறை நான் வாசலில் நின்று கூப்பிடக் கூடாது. மரத்தடிக்கே போய், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வக்கீல்கள் என்னை, ஆள் ஆளாகத் தேடிப் போய்ப் பேர் கூப்பிட்டுத் தவணை கேட்கிற சீட்டுக் கம்பெனிக்காரி என்று கேலி செய்தார்கள். ஆனால் மரத்தடியிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள்.

பூவாயி ஓடி வந்த அன்று சாயங்காலம் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், கேட்காமலே படியில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கண்ணாலத்துல மீதி இருக்குங்க."

"பெரிய கேஸ் இன்னும் முடியலையே" என்றார்கள். "வேற கல்யாணம் இருந்தாச் சொல்லு."

கேஸ் முடிவதற்குள் அவர்களுக்கு மாற்றல் வந்துவிட்டது. போகும் நாளில் பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் முன்னால் நடந்தேன். பிறகு எந்தெந்த ஊரிலோ பெரிய ஜட்ஜாக இருந்தார்கள். போன இடமெல்லாம் முதல் பொம்பளை ஜட்ஜு அவர்கள்தானாம். அங்கெல்லாம் சாயங்காலம் படியில் யார் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது ஒரு நாள் சேதி வந்தது. அம்மாவும் ஓய்வு பெற்று, புதுக்கோட்டையில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறார்களாம். ஏன் புதுக்கோட்டை என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போனேன். கதவைத் திறந்தவர்கள், "வா செல்லாயி" என்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காப்பி இல்லை, நலமா இல்லை, முதல் கேள்வி இதுதான்.

"பூவாயி கேஸ் முடிஞ்சிருச்சுல்ல?"

"எப்பவோ முடிஞ்சிருச்சுங்க."

"அப்ப அந்தக் கல்யாணத்துல மீதியைச் சொல்லு. உன் பக்கத்துல ஒரு கிழவி. அப்புறம்?"

சொன்னேன். கிழவி ரசத்தை உறிஞ்சியது வரை சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பாயசமா, கேசரியா?" என்றார்கள்.

அதற்கப்புறம் கல்யாணத்துக்குப் போனால் நேராகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிடுவேன். விரல் தூக்க வேண்டிய அவசியம் இல்லாததால் என் கல்யாணங்களுக்குப் பல் முளைத்தது. மேசையில் ஒரு பத்திரிகைகூட இருக்காது. வேலையில் இருந்தபோது பத்திரிகை வந்தது, போக முடியவில்லை. இப்போது போகலாம், பத்திரிகை வரவில்லை. என் பேத்தி கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை அவர்களுக்கு வைத்தேன். முனையை முகர்ந்து பார்த்தார்கள்.

வந்தார்கள். பட்டுப்புடவையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மண்டபமே எழுந்து நின்றது. அதுதான் வினை. ஜட்ஜம்மா பக்கத்தில் உட்கார எவருக்கும் துணிச்சல் வரவில்லை. பந்தியில் அவர்களுக்கு இரண்டு பக்கமும் இலை விரித்து, சோறு வைக்காமலே மடித்து எடுத்தார்கள். நான் சம்பந்தி வீட்டாரைக் கவனித்துவிட்டு ஓடி வருவதற்குள் அவர்கள் கை கழுவிவிட்டார்கள்.

அடுத்த வாரம் போய், கல்யாணம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு" என்றார்கள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ சொல்ற கல்யாணம் இதைவிட நல்லா இருக்கும். நீயே சொல்லு" என்றார்கள்.

என் பேத்தி கல்யாணத்தை அவர்களுக்கே சொன்னேன். அதில் அவர்களுக்கு ஒரு பக்கம் நான் உட்கார்ந்தேன், இன்னொரு பக்கம் பூவாயி. மூன்று பேரும் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவன் போன் செய்தான். போனேன். சென்னையிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரர், பால்காரன், எதிர் வீட்டு வாட்ச்மேன். கோர்ட்டிலிருந்து இரண்டு பேர் மாலை வைத்துவிட்டு, சேம்பரில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்கள். இருந்த எல்லோரும் வேனிலேயே அடங்கிவிடுவோம். அண்ணன் மகன் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"டவாலிங்க" என்றேன்.

தூக்கினார்கள். வீட்டு வாசலிலிருந்து வேன் வரை சந்து. நான் என்னை அறியாமல் முன்னால் நடந்துவிட்டேன். யாரும் தள்ளிப் போ என்று சொல்லவில்லை. எழுந்து நிற்கத்தான் அந்தச் சந்தில் ஆள் இல்லை.

ரேவதி, இதை அப்படியே எழுது. எங்கள் தெருவில் படிக்கிறவள் நீ ஒருத்திதான். மற்றவர்கள் மலரை வாங்கிப் படம் பார்ப்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கித் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தபோது, குழாயடியில் அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"என்ன அப்பத்தா, ஜட்ஜம்மா எளவுக்கா போயிட்டு வாரீக? கூட்டமா?"

ஈரத் தலையோடு குழாய் மேடையில் உட்கார்ந்தேன். "கூட்டமாவா?" என்றேன். "காரு எல்லாம் மெயின் ரோட்டுலயே நின்னு போச்சு. கறுப்புக் கோட்டுக்காரக எத்தன பேருங்குற, காக்கா கூட்டம் மாதிரி. மால போட எடமில்லாம வேனு மேல அடுக்குனாக. பூவாயி வந்திருந்தா, செருப்புக்கூட இல்லாம ஓடியாந்திருந்தா. எந்த ஊருலேர்ந்தோ சனம் வந்து, பேரச் சொல்லிச் சொல்லி அழுகுது. நான் முன்னால நடந்து வழி வெலக்கி விடுறேன், வெலக்கி விடுறேன், முடியல."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. எதிர் வீட்டு மீனாட்சி மூக்கை உறிஞ்சினாள்.

"இவ்வளவு பெரிய மனுசின்னு தெரியாமப் போச்சே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களும் வந்திருப்போம்ல" என்றாள்.

"வந்திருந்தா?" என்றேன். "நிக்கக்கூட எடம் கெடைச்சிருக்காதுடி ஒனக்கு."